நான்காம் மாடியில் ஒரு கூறு மீன்

அன்று முழுவதும் அக்கா போனை எடுக்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் கூப்பிட்டேன், சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டேன், அப்புறம் வேலையை ஓரங்கட்டிவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பிறந்து வளர்ந்த தூத்துக்குடியில், அக்காவைத் தவிர வேறு ஒருவருடைய நம்பரும் என்னிடம் இல்லை. போய்க் கதவைத் தட்டிப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு அந்த ஊரில் நாதியில்லை.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"பாத்ரூம்ல லேசா வழுக்கிட்டுல. கால்ல ஒரு கட்டு போட்டுருக்கு. நீ ஒண்ணும் பதறாத."

யார் தூக்கினார்கள், யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டால், "எல்லாம் ஆளு இருக்குல" என்று மழுப்பிவிட்டாள். அத்தான் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகன் குமரன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மறுநாளே அவன் என்னைக் கூப்பிட்டான். "மாமா, நான் சொன்னா அம்மா கேக்க மாட்டேங்காங்க. நீங்க போய்ச் சொல்லி, கையோட இங்க கூட்டிட்டு வந்துருங்க. இனிமே அவங்களைத் தனியா விட முடியாது." அவன் சொல்வதும் நியாயம்தானே. ஆக, சிங்கப்பூரிலிருந்து நான் கிளம்பியது அக்காவைப் பார்ப்பதற்கு அல்ல, அவளைப் பெயர்த்துக்கொண்டு போவதற்கு.

விமான நிலையத்திலிருந்து வந்த ஆட்டோ, உப்பளங்களைத் தாண்டும்போது இருமிவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் தார்ப்பாய் போர்த்திய உப்புக் குவியல்கள். வெயில் கண்ணைப் பறித்தது. டிரைவர் இறங்கி எதையோ உதைத்தார், ஊதினார், பிறகு இன்னொரு ஆட்டோவுக்குப் போன் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"இந்த ஊருன்னா எந்தத் தெரு? யாரு மகன்?"

தெருவைச் சொன்னேன். அப்பாவின் பலசரக்குக் கடையைச் சொன்னேன். "அட, அந்தக் கடையா? எங்கம்மா அங்கன போய்தான் புளி வாங்குவா" என்றவர், அடுத்து நான் எப்போது போனேன், எத்தனை பிள்ளை, மகளை எங்கே கட்டிக்கொடுத்தேன், ஏன் தலை இப்படி நரைத்துவிட்டது என்பது வரை கேட்டு முடித்துவிட்டார். சிங்கப்பூரில் டாக்சிக்காரர் என்னிடம் பிளாக் நம்பர் மட்டும்தான் கேட்பார். இந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான் ஒரு காலத்தில் இந்த ஊரை விட்டே ஓடினேன். இப்போது உப்புக் காற்றில் நின்றுகொண்டு, இன்னும் ஏதாவது கேட்க மாட்டாரா என்று இருந்தது.

அக்காவின் வீடு நான்காம் மாடி. லிப்ட் திறந்ததும் எனக்குத் திக்கென்றது. வரிசையாகச் சாத்திய கதவுகள், கதவுக்கு முன்னால் கம்பிக் கதவு, அழைப்பு மணி, வாசலில் செருப்பு. சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கிவிட்டேனா என்று தோன்றியது. அங்கே என் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். அவர் முகத்தைவிட அவர் செருப்பைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். புதுச் செருப்பு வாங்கினால் கவனிப்பேன். பெயர் கேட்டதில்லை.

அக்கா காலை இழுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். "ஏலே, என்ன இப்படி வத்திப் போயிருக்க? கைகால் கழுவிட்டு உக்காரு." ஊளி மீன் குழம்பு, மாங்காய் போட்டது. மூன்று முறை சோறு வாங்கினேன். நான்காவது முறை அவள் கேட்கவே இல்லை, போட்டுவிட்டாள்.

தண்ணீர் எடுக்க அவளுடைய பழைய பிரிட்ஜைத் திறந்தேன். மேலே ஐஸ் பெட்டியின் மூடி உடைந்து தொங்கியது. உள்ளே மல்லிகைப்பூப் பொட்டலம் ஒன்று மட்டும்.

"இது வேலை செய்யலியா?"

"ஆமா, அது என்னைக்கோ போச்சு."

"சரி பண்ண ஆள் கூப்பிடலாம்லா?"

"கூப்பிடலாம்" என்றாள். அதில் அவளுக்கு எந்த அவசரமும் தெரியவில்லை. பாவம், ஒற்றையில் கிடந்து எதிலுமே பிடிப்பில்லாமல் போய்விட்டது போல என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் நாங்கள் வளர்ந்த வளவைப் பார்க்கப் போனேன். வளவு என்றால் ஒரே வாசலுக்குள் இரண்டு பக்கமும் வரிசை வீடுகள், நடுவில் முற்றம், எல்லாருக்கும் பொதுவாக ஒரே குழாய். இப்போது அந்த இடத்தில் ஒரு துணிக்கடையின் வண்டி நிறுத்தம் இருக்கிறது. குழாய் இருந்த இடம் எது என்று தேடிப் பார்த்தேன். ஒரு புல்லட்டின் கீழே இருக்கலாம். காவலாளி, "வண்டி எங்க சார்?" என்று கேட்டார். வண்டி இல்லை என்றதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அந்த முற்றத்தில்தான் மீன் கூறு வைப்பார்கள். கடற்கரையில் மீனை எடை போடாமல், கூறு கூறாகக் குவித்துத்தான் விற்பார்கள், ஒரு வீட்டுக்கு அது அதிகம். அதனால் வளவிலிருந்து யாராவது ஒருத்தி போய் வாங்கிவந்து, முற்றத்தில் ஓலையை விரித்து வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்து வைப்பாள். எது யாருக்கு என்பதில் சண்டை வரக்கூடாது அல்லவா? அதற்கு ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று பின்னாலிருந்து கேட்பார்கள். அவர் மீனைப் பார்க்காமல் ஒரு வீட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான்.

பெரும்பாலும் என்னைத்தான் திருப்பி நிறுத்துவார்கள். பார்க்க சாது மாதிரி இருப்பேன். வயிறு உப்பிய சினைச்சாளை உள்ள கூறைத் தொடும்போது மட்டும் அக்காவுக்கு எங்கிருந்தோ ஒரு இருமல் வரும். நான் உடனே எங்கள் வீட்டைச் சொல்லிவிடுவேன். கடைசி வரை வளவில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அக்காவுக்கு நெஞ்சுச் சளி என்று ஒருத்தி கஷாயம் மட்டும் வைத்துக் கொடுத்தாள்.

வண்டி நிறுத்தத்தில் நின்று இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் மக்ரூன் வாங்கினேன். வாயில் போட்டதும் முந்திரியும் சர்க்கரையுமாகக் கரைந்து போயிற்று. வளவும் போச்சு, ஆட்களும் போனார்கள், அக்கா மட்டும் இரும்புக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள் என்று மனசு புலம்பிற்று. அந்தப் புலம்பலோடு நேரே ஒரு மின்சாதனக் கடைக்குப் போய், பெரிய இரட்டைக் கதவு பிரிட்ஜ் ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். சென்னைக்குக் கிளம்ப அவள் சம்மதிக்கும் வரைக்காவது சௌகரியமாக இருக்கட்டுமே.

அது வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். அட்டைப் பெட்டியோடு லிப்டுக்குள் நுழையவில்லை. சுமை தூக்குபவர்கள் இரண்டு பேர் படி வழியாக ஏற்றினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. "அண்ணாச்சி, இந்தப் பக்கம் சாய்ங்க!" "ஏலே, கைப்பிடியப் பாருல!" என்று ஒரே சத்தம். அதுவரை அடைத்தே கிடந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பனியன் போட்ட ஒருவர் இறங்கிவந்து ஒரு பக்கம் தாங்கினார். அவர் ஐந்தாம் மாடியில் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் மூன்றாம் மாடிக்காரருக்குத் தெரிந்தது.

ஒருவழியாகப் பெட்டி நான்காம் மாடி வாசலுக்கு வந்தது. அக்கா கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குல இது?"

"மீனு வாங்கி ஒரு வாரத்துக்கு உள்ள போட்டு வச்சிரலாம்க்கா. இந்தக் காலை வச்சிக்கிட்டு நீ கரைக்கு அலைய வேண்டாம். யாரையும் எதிர்பாக்கவும் வேண்டாம்."

அவள் முகம் கறுத்துவிட்டது. "திருப்பிக் கொண்டு போச் சொல்லு."

"என்னக்கா?"

"அட்டையைப் பிரிக்கப் பிடாது. இது என் வீட்டுக்குள்ள வரப்பிடாது. சொல்லிட்டேன்."

சுமை தூக்குபவர்கள், இனி இதை இறக்க எங்களால் ஆகாது, நாளைக்குக் கடையில் பேசிக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார்கள். பெட்டி இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் மலை போல நின்றது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆசை ஆசையாக வாங்கி வந்தவனை இப்படியா விரட்டுவது?

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா வயதுக்காரி ஒருத்தி, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து வெளியே வந்தாள். "தம்பி, நான் ரோஸ்லின். உள்ள வாங்க, ஒரு வாய் காப்பி குடிங்க. அவ கோவம் காப்பி ஆறதுக்குள்ள ஆறிரும்."

ரோஸ்லினின் கணவர் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து காப்பியைக் குடித்தேன். அவள்தான் சொன்னாள்.

"நானு, உங்க அக்கா செல்வக்கனி, கீழ மூணாம் மாடில பவானின்னு ஒரு பிள்ள. மூணு பேருந்தான் மீனுக்குக் கூட்டு. ஒரு ஆளு ஒரு நாளு கரைக்குப் போவோம். கொண்டாந்து இந்த வாசல்லதான் மூணு கூறு வைப்போம். வேண்டாம்னா முந்தின நாளே சொல்லிறணும். சொல்லாம வராம இருக்கப் பிடாது, அதான் பேச்சு."

"அப்போ அன்னைக்கு..."

"அன்னைக்கு என் முறை. மூணு கூறும் வச்சாச்சு. பவானி வந்துட்டா. செல்வக்கனி தட்டு வரல. எப்பவும் தட்டைத் தூக்கிட்டு முதல்ல வந்து நிக்கவ அவதான். மணி அடிக்கேன், திறக்கல. உள்ள போனு அடிச்சுக்கிட்டே கிடக்கு, எடுக்க ஆளில்ல. எனக்குப் பகீர்னுட்டு. அவ சாவி ஒண்ணு என்கிட்டதான் கிடக்கும். திறந்து பாத்தா பாத்ரூம்ல கிடக்கா. எந்திரிக்க மாட்டாம, 'ரோசு, மீனைப் பூனை தூக்கிரப் போவுது'ங்கா."

சொல்லிவிட்டு ரோஸ்லின் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. உள்ளே அடித்துக்கொண்டே கிடந்த அந்தப் போன் என்னுடையது. நான் அங்கிருந்து அடித்துக்கொண்டுதான் இருந்தேன். கதவைத் திறந்தது அவளுடைய தட்டு வராமல் போனதுதான்.

திரும்பிப் போனபோது அக்கா சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளாகவே சொன்னாள்.

"ஐஸ் பெட்டியில ஒரு வாரத்து மீனு கிடந்தா, ஒரு வாரத்துக்கு என்னைய எவ தேடுவா?"

"அப்போ பிரிட்ஜைப் பவானிக்காவது கொடுத்துரலாமா?" என்றேன்.

"அவளையும் ஒத்தையில விடவா? போலே."

அன்று சாயங்காலம் பொரித்த பரோட்டா வாங்கிவந்து, சால்னாவை ஊற்றி இருவரும் சாப்பிட்டோம். வளவு இருந்த இடத்தைப் பார்த்துவந்ததைச் சொன்னேன். அந்தக் காலம் மாதிரி வருமா என்று நான் உருகப்போக, அக்கா கையை உதறினாள்.

"வளவாம் வளவு. உனக்கு என்ன, ஆம்பளைப் பிள்ள, ஊரைச் சுத்திட்டு வருவ. நான் தையல் கிளாசுக்குக் கிளம்புனா ஆளு ஆளுக்கு எங்க போற, எப்ப வருவன்னு கேப்பாளுவ. ஒரு பூ வச்சா யாரு வாங்கிக் குடுத்தாம்பாளுவ. இங்க கதவை அடைச்சா அடைச்சதுதான். ரோசு மீனு பங்கு வச்சிட்டுப் போவா. என் பீரோவைத் திறந்து பாக்க மாட்டா. எனக்கு இதுதாம்ல தோது."

எனக்கு அது புதிதாக இருந்தது. நான் இத்தனை காலம் ஏங்கிக்கொண்டிருந்த இடத்துக்காக அக்கா ஒரு நாளும் ஏங்கவில்லை. அதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, லிப்ட் ஏறி நான்காம் மாடிக்கு வந்திருக்கிறாள்.

"அப்போ சென்னை?" என்று கேட்டேன். வந்த காரியம் அதுதானே.

"போன தடவை ரெண்டு மாசம் இருந்தேம்லா. அவனும் மருமவளும் காலையில போனா ராத்திரிதான் வாராவ. பாவம், அவுகளைக் குத்தம் சொல்லப் பிடாது. மீனு பாக்கெட்டுல வரும். கொண்டாறவன் வாசல்ல வச்சி ஒரு போட்டோ புடிச்சிட்டு ஓடிருவான். நான் கதவைத் திறக்குமுன்ன லிப்ட்டு மூடிரும். யாருகிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசணும்னு டி.வி.காரனுக்குப் பதில் சொல்லிக்கிட்டுக் கிடந்தேன்." பரோட்டாவைப் பிய்த்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீ வான்னா வாரேன். உன் பேச்சைத் தட்ட மாட்டேன். ஆனா மனசு இல்ல."

அவள் முரண்டு பிடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முடிவை என் தலையில் கட்டிவிட்டாள்.

அடுத்த நாள் கடைக்காரரைப் போய்க் கெஞ்சினேன். "பிரிக்காத பெட்டிதான அண்ணாச்சி, எடுத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு கேக்கேன், என்ன குறைன்னு சொன்னாவ?" என்றார். பெரிதாக இருக்கிறது என்றேன். பொய்யில்லை. பெட்டி இறங்குவதற்குள் அதைச் சுற்றி வாசலில் நாலு பேச்சு நடந்துவிட்டது. பனியன்காரர் தினம் வந்து, "இன்னும் போகலியா?" என்று விசாரித்தார். பிளம்பரைக் கூட்டிவந்து பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதிக்கச் சொன்னேன். அதை மட்டும் அக்கா மறுக்கவில்லை. இரண்டு முறை பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இது புத்தியுள்ள காரியம்" என்றாள்.

நான் கிளம்பும் நாள் அக்காவின் முறை. கால் சரியில்லாததால் அவளுக்குப் பதில் நான் போனேன். பவானி தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள். அவள் விளாத்திகுளத்துப் பெண், பேங்கில் வேலை பார்க்கிறாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

"எங்க ஊருல கம்பும் சோளமும்தான் அண்ணாச்சி. இங்கன வந்த புதுசுல மீனுன்னா எல்லாம் ஒரே மீனுதான் எனக்கு. யாருகிட்டயும் பேச மாட்டேன், லிப்ட்ல போனைப் பாத்துட்டே நிப்பேன். ஒரு நாள் உங்க அக்கா கதவைத் தட்டி, 'ஏளா, ஒரு கூறுல பாதி எங்களுக்குப் போதும், மிச்சத்த என்ன செய்ய, நீ வாங்கிக்கிடுதியா'ன்னாங்க. மிஞ்சினதத்தான் தாராங்கன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சிது, என்னைச் சேக்குறதுக்குன்னே பெரிய கூறா வாங்கியிருக்காங்க."

திரேஸ்புரம் கரையில் வள்ளங்கள் வந்திருந்தன. காக்கையும் கூச்சலும் மீன் வாடையுமாக இருந்தது. முத்து விளைந்த கடல் என்று வெளிநாட்டில் பீற்றிக்கொள்வேன். அன்றைக்குப் பார்த்த ஒரே முத்து மீன்காரி காதில் இருந்த பிளாஸ்டிக் முத்துதான். சாளை பளபளவென்று குவிந்து கிடந்தது. சிங்கப்பூர்ப் பழக்கத்தில், "எனக்குக் கொஞ்சம் போதும், அரைவாசி தாரியளா?" என்று கேட்டுவிட்டேன். அங்கே கடையில் வெள்ளைத் தட்டில் இரண்டு துண்டு வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டியிருப்பார்கள். ஒற்றை ஆளுக்குப் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மீன்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அரைவாசியா? கூறுதான். தின்ன ஆளு இல்லன்னா ஆளைச் சேத்துக்கிட்டு வாங்க."

பவானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூறையே வாங்கினோம்.

நான்காம் மாடி வாசலில், பெட்டி நின்றிருந்த அதே இடத்தில், அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்து மூன்று தட்டில் பிரித்தாள். பெட்டி போனதும் இடம் விசாலமாக இருந்தது. ரோஸ்லின் கதவில் சாய்ந்து நின்றாள். "தம்பி, நீங்கதான் வெளியாளு. திரும்பி நில்லுங்க" என்றாள். வெளியாள் என்ற சொல் சுருக்கென்றது. ஆனால் அதற்காகத்தான் அந்த இடத்தில் நிற்கவைக்கிறார்கள். லிப்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன். எத்தனை வருஷம் கழித்து!

சரியாக அந்த நேரம் சட்டைப்பையில் போன் அடித்தது. குமரன்.

"மாமா, சாயங்காலம் ரெண்டு பேரும் கிளம்புதியளா? ரூம் எல்லாம் ரெடி பண்ணியாச்சு. அம்மா வாராங்களா இல்லியா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

பின்னால் தட்டைத் தொடும் சத்தம் கேட்டது.

"இது யாருக்கு?" என்றாள் அக்கா. கேட்டுவிட்டு இருமினாள்.

லேசான, பொய்யான இருமல். அதே இருமல். கண் நிறைந்து, எதிரே லிப்ட் கதவு கலங்கித் தெரிந்தது.

"செல்வக்கனிக்கு" என்றேன்.

"என்ன மாமா? கேக்கல."

"உங்கம்மா பங்குடா. இங்கனயே வைக்கச் சொல்லிட்டேன்."

பின்னால் அக்கா அடுத்த தட்டைத் தொட்டாள்.

"இது யாருக்குல?"